கையைக் காட்டினால் போதும்

நான் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. படகு என்றாலே வயிற்றைப் புரட்டும். ஆனால் கடற்கரை ரிசார்ட்டுகளைப் பற்றி என்னைப் போல உருகி உருகி எழுத இந்த ஊரில் ஆள் கிடையாது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பதினோரு தீவுகளுக்குப் போய்வந்தவன் நான். அதில் நான்கு தீவுகளில் எனக்குத் தேனிலவு. இரண்டில் நான் கர்ப்பிணி. ஒன்றில் மூட்டுவலியோடு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

சிரிக்காதீர்கள், என் பிழைப்பு அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஆறு மேசை போட்ட அலுவலகம். ரிசார்ட்காரர்கள் இருபது முப்பது படங்கள் அனுப்புவார்கள். அதைப் பார்த்து, அங்கே தங்கிவிட்டு வந்தவர் எழுதுவது போல ‘விருந்தினர் அனுபவம்’ எழுதித் தர வேண்டும். அசல் விருந்தினர் எழுதினால் ‘நல்லா இருந்தது’ என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வார். அதைப் படித்துவிட்டு எவன் பெட்டி கட்டுவான்? வீட்டில், டூர் கம்பெனிகளுக்கு விளம்பரம் எழுதுகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அது பொய்யில்லை. முழு நிஜமும் இல்லை.

அலுவலகத்தை நடத்துபவருக்கு நாங்கள் வைத்த பெயர் அஞ்சு ஸ்டார். மத்தியானச் சாப்பாடு முதல் சொந்த மருமகன் வரைக்கும் எதற்கும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்லிவிடுவார். மருமகனுக்கு இரண்டரை. அவர் எங்களுக்கு இரண்டு பாடம் நடத்தியிருந்தார். ஒவ்வோர் அனுபவத்திலும் ஒரு சின்னக் குறை இருக்க வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, “உடம்பை வெச்சு எழுதுய்யா” என்பது.

“கடல் நீலமா இருக்குன்னா எவனும் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். முட்டி வலிக்காரி மணல்ல வலியில்லாம நடந்தான்னு எழுது. முட்டி வலிக்கிற நாலு பேர் ரூம் போடுவாங்க. மத்ததுல பொய் சொல்வாங்க, உடம்பு விஷயத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை” என்பார்.

போன வருஷம் ஒரு ரிசார்ட்டுக்கு எழுதும்போது எனக்கு உடம்பு தீர்ந்துபோயிற்று. முட்டி, முதுகு, கர்ப்பம், மூச்சிரைப்பு எல்லாம் எழுதியாகிவிட்டது. மணி நாலரை. ஐந்துக்குள் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் என் மனைவியின் கையை எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு வெண்புள்ளி. மகள் பிறந்த மறு வருஷம் வலது கை விரல் நுனிகளில் தொடங்கி, இப்போது முழங்கை வரை வெளுத்திருக்கிறது. வலது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு திட்டு. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை அட்டையை நீட்டினால் வாங்குகிறவர் கண் மாத்திரையில் இருக்காது. “இது ஒட்டுமாம்மா?” என்று மூஞ்சிக்கு நேரே கேட்பவர்களும் உண்டு. “ஒட்டாதுங்க. ஒட்டுறதா இருந்தா முதல்ல என் வீட்டுக்காரருக்குல்ல ஒட்டியிருக்கணும்? அவர் இத்தனை வருஷமா என்கூட ஒட்டாமத்தான் இருக்கார்” என்பாள். கடையே சிரிக்கும். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். அதில் என்ன சொல்கிறாள் என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் நான் மனுஷன்.

அந்தக் கையை வைத்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். அஞ்சு ஸ்டார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலே முக்கால்” என்றார். அவர் வாயிலிருந்து அதுவரை நாலுக்கு மேல் வந்ததில்லை. “இவ்வளவு தத்ரூபமா எழுதியிருக்கியே, உங்க வீட்ல யாருக்காவது இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல சார். கற்பனைதான்” என்றேன்.

கேட்டவுடன் வந்துவிட்டது வாயில். யோசிக்கக்கூட இல்லை. அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று அவள் கேட்டதற்குச் சும்மாதான் என்றேன். சீ, என்ன பிறவி நான்.

இந்த வருஷம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது ஆண்டு. வெளியூரில் படிக்கும் மகள் போனில் பிடிவாதமாக நின்றாள். “அம்மாவை ஒரு தடவையாவது கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு வர்றதெல்லாம் டூர் கிடையாது.” சொன்னதோடு நிற்காமல் மூன்று ரிசார்ட்டுகளைத் தேர்ந்தெடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டாள். மூன்றும் தீவில். மூன்றும் எல்லாம் அடக்கம் வகை. ஒரு தடவை உள்ளே போய்விட்டால் தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, பழச்சாறு, படகுச் சவாரி எல்லாம் அதற்குள்ளேயே. பர்ஸை அறையில் பூட்டிவிடலாம். மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை கட்டிவிடுவார்கள், எங்கே போனாலும் அதைக் காட்ட வேண்டும். ‘கையைக் காட்டினால் போதும்’ என்று பெருமையாகவே விளம்பரத்தில் போட்டிருந்தது.

என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து, கடையில் மருந்து இருப்புக்குக் கோடு போடுவது போலக் கோடு போட்டாள். அறை, சாப்பாடு, படகு, கடலுக்கு எத்தனை அடி தூரம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தவள், பட்டை விஷயத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

“சாப்பாட்டுக்கும் இதைக் காட்டணுமா?”

“ஆமா.”

“ஒரு ஜூஸ் வாங்கறதுக்கும்?”

“எல்லாத்துக்கும்தான்.”

“அப்போ ஒரு நாளைக்கு இருபது தடவையாவது காட்டணும்” என்றாள். “கடையிலயாவது கையில மாத்திரை இருக்கும். அங்க வெறும் கையையில்ல நீட்டணும்?”

“முழுக்கை போட்டுக்கோயேன்” என்றேன். அது எப்போதும் என் வாயில் தயாராக இருக்கும் வைத்தியம்.

“கடல்லயா?”

“வெயிலுக்கும் நல்லதுதானே?”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினாள். முதல் ரிசார்ட்டை அடித்துவிட்டாள். அதன் படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் பற்பசை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி இருந்தார்களாம். மூன்றாவதையும் அடித்தாள். “இதைப் பத்தி நாலே நாலு பேர் எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தன் ‘ஓகே’ன்னு மட்டும் எழுதியிருக்கான். அதை எழுதறதுக்கு எதுக்கு விரலை நோகடிச்சுக்கணும்?” மிஞ்சியது இரண்டாவது. அதன் வரவேற்பு அறைப் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மஞ்சள் சுவர், பிரம்பு நாற்காலி, ஒரு கிண்ணம் நிறைய வண்ணப் பட்டைகள். திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது எனக்கு. நான் எழுதிய இடம்.

மறுநாள் சாயங்காலம் நான் கைகழுவி உட்காருவதற்குள் போனை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். “இதைக் கேளுங்க. நடுவுல பேசக் கூடாது” என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

‘எனக்கு வெண்புள்ளி உண்டு. பதினைந்து வருடங்களாக முழுக்கை உடைதான். வரவேற்பில் இருந்த பெண் பட்டை கட்டக் கையைக் கேட்டபோது நான் இடது கையை நீட்டினேன். “நீங்கள் வலது கைக்காரர்தானே?” என்று கேட்டு, என் வலது கையைத் தன் கையில் வாங்கிக் கட்டினாள். இறுக்குகிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். ஐந்து நாட்களில் ஒருவர்கூட என் கையை இரண்டாம் முறை பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கையில்லாத உடையோடு கடலில் இறங்கினேன். என் கணவர் கரையிலிருந்து படம் எடுத்தார். இப்படித் திரும்பு என்று சொல்லவில்லை. குறை என்று சொன்னால், காலையில் காபி ஆறியிருந்தது.’

நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவள் குரலில் வந்தது. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்படித் திரும்புன்னு சொல்லலையாம்” என்றாள் மறுபடியும். பிறகு, “இவ யாரோ எனக்கு அக்கா மாதிரி இருக்கா. கூடப் பிறந்தவகூட இவ்வளவு புரிஞ்சு எழுத மாட்டா.”

“இதெல்லாம் நம்பாதே” என்றேன். என் குரல் எனக்கே வினோதமாகக் கேட்டது. “நிறையப் பேர் காசு வாங்கிட்டு எழுதறாங்க.”

“எதை? காபி ஆறிடுச்சுன்னா?”

“மொத்தத்தையும்தான்.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவிக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் குரல் இறங்கும். “ஹோட்டலைப் பத்திப் பொய் எழுதுவாங்க. சாப்பாட்டைப் பத்திப் பொய் எழுதுவாங்க. ஒரு பொம்பள தன்னோட தோலைப் பத்திப் பொய் எழுதுவாளா? அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பு தட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. “நான் வேணா விசாரிச்சுப் பாக்கறேன்” என்று முனகினேன்.

“ஒண்ணும் வேணாம். நானே கேட்டுக்கறேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

யாரிடம் கேட்கப் போகிறாள் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் தொழிலில் அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அனுபவத்துக்குக் கீழே, எழுதியவரிடம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கேள்வி எங்கள் அலுவலகத்துக்கு வரும். யார் எழுதினாரோ அவரே அதே குரலில் ஒரு நாளைக்குள் பதில் போட வேண்டும். கர்ப்பிணியாக இருந்தபோது நான் எத்தனையோ பெண்களுக்கு வாந்திக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்து கேள்விப் பக்கத்தைத் திறந்தேன். மேலே இருந்த பெயர் ‘மாத்திரைக்காரி’. மருந்துக் கடைக்கு வரும் கிழவர்கள் என் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

‘அக்கா, நீங்க எழுதினதை ஏழெட்டுத் தடவை படிச்சுட்டேன். எனக்கும் வலது கைதான். ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுக்காரர் நல்லவர். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, வீட்டு வேலையில பாதி அவர்தான் செய்வார். ஆனா வெளியே போனா என் வலது பக்கமாவே நடப்பார். தப்பி இடது பக்கம் வந்துட்டா சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடுவார். போட்டோன்னா, கொஞ்சம் இப்படித் திரும்பும்பார். மகளோட ஸ்கூல் விழாவுக்கெல்லாம், உனக்கு எதுக்கு அலைச்சல், நான் போயிட்டு வர்றேன்னு அவரே கிளம்பிடுவார். ஜனங்க பாத்தா நான் வருத்தப்படுவேனேன்னு எனக்காகத்தான் செய்றார்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்போ சந்தேகமா இருக்கு. எனக்காகவா, அவருக்காகவா? கேக்க பயமா இருக்கு. அவருக்காகத்தான்னு சொல்லிட்டார்னா அப்புறம் நான் அந்த வீட்ல எப்படி இருக்கறது? உங்க வீட்டுக்காரரும் முன்னாடி அப்படி இருந்தவர்தானா? அங்க போயிட்டு வந்த அப்புறம் மாறினாரா? மாறினார்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கே ரூம் போட்டுடறேன்.’

இதற்குக் கீழே வேறு இரண்டு பெண்கள். ஒருத்தி ‘எனக்கும் இதே கேள்விதான்’ என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி ‘என் தங்கைக்காகக் காத்திருக்கிறேன், பதில் போடுங்கள்’ என்று கேட்டிருந்தாள்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அலுவலகத்தில் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை, அவரவர் தீவில் அவரவர் இருந்தார்கள். அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் அவள் எண்ணி வைத்திருந்தாள். வலது பக்கம் நடப்பதை நானே ஒரு நாளும் கவனித்ததில்லை. கால் தானாகவே சுற்றிக்கொண்டு போகும். மகளின் பள்ளி விழாவை மட்டும் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் இவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசல் வரை வந்து நின்றாள். ஏதேதோ சொல்லித் திருப்பி அனுப்பினேன். மகளுக்கு அன்றைக்குப் பரிசு. மேடைக்குக் கீழே நான் ஒருவன் நின்று கை தட்டினேன். அம்மா வரலையா என்று கேட்டவர்களிடம், உடம்பு சரியில்லை என்றேன்.

முதுகுக்குப் பின்னால் அஞ்சு ஸ்டாரின் மூச்சு கேட்டது. திரையைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“ஆகா! மூணு ரூம்யா இது. ஆமா, மாறிட்டார்னு போடு. முடிஞ்சுது கதை.”

“சார், இது வேற மாதிரி கேள்வி...”

“எந்தக் கேள்வியா இருந்தா என்ன? அந்தம்மா என்ன கேக்குது? நம்பிக்கை கேக்குது. குடுத்துட்டுப் போயேன், உன் வீட்டுச் சொத்தா அழியுது?”

அவர் நகரவில்லை. நான் தட்டினேன். ‘தங்கச்சி, என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். அந்தக் கடலைப் பார்த்ததும் மாறிவிட்டார். நம்பிப் போங்கள்.’ அனுப்பினேன். ஒரு வரி, இரண்டு வரி, மூன்றாம் வரியில் என் சொந்த மனைவியை ஏமாற்றி முடித்தேன். அவர் “நாலரை” என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. என் மனைவி முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முழுக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில்தான் நின்றிருந்தார். அவள் இறக்கிவிடவில்லை. என்னைப் பார்த்ததும் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, இருபது வருஷத்துக்கு முந்தைய முகத்தோடு ஓடி வந்தாள்.

“அந்த அக்கா பதில் போட்டுட்டாங்க!”

“யாரு?” என்றேன். கேட்க எனக்கு வெட்கமில்லை பாருங்கள்.

“அதான், அந்த ரிசார்ட் அக்கா. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். என்ன கேள்வின்னு கேக்காதீங்க, அது பொம்பளைங்க விஷயம். நல்ல பதிலா சொல்லிட்டாங்க. தங்கச்சின்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க.” போனை என் கையில் திணித்தாள். “எல்லாம் நிரப்பிட்டேன். உங்க பேர், என் பேர், தேதி எல்லாம். ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. நீங்க வந்து அமுக்கணும்னு வெச்சிருந்தேன். ம், அமுக்குங்க.”

என் கட்டை விரலுக்கு அடியில் அந்தப் பட்டன் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாறப்போகும் ஆள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கிவிட்டால் அவள் வலது கையை நீட்டிக்கொண்டு முன்பின் தெரியாத ஓர் இடத்தில் போய் நிற்பாள். அங்கே யாராவது முகம் சுளித்தால், ‘அந்த அக்காவுக்குச் சுளிக்கலையே, எனக்கு மட்டும் ஏன்’ என்று தன்னையேதான் நொந்துகொள்வாள். அவளை எனக்குத் தெரியும்.

“அந்த அக்கா இல்ல” என்றேன்.

“என்னது?”

“அப்படி ஒரு பொம்பளையே இல்ல. அதை எழுதினது நான்தான்.”

சிரித்தாள். “ஆமா, உங்களுக்கு வெண்புள்ளி, நீங்க கையில்லாத கவுன் போட்டுக்கிட்டுக் கடல்ல இறங்கினீங்க. போனைக் குடுங்க, நானே அமுக்கறேன்.”

“என் வேலையே அதுதான். விளம்பரம் இல்ல, இது. காபி ஆறியிருந்ததுன்னு முடியும். பதிலும் நான்தான் போட்டேன், காலையில பதினோரு மணிக்கு. மாத்திரைக்காரின்னு பேரைப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் போட்டேன்.”

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அந்தப் பேரில் கேட்டதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு நாற்காலியில் இருந்த துணியின் மேலேயே உட்கார்ந்தாள்.

“இது என் கையா?” என்று கேட்டாள். “நீங்க எழுதினது, என் கையைத்தானா?”

“ஆமா.”

“அந்த வரவேற்புப் பொண்ணு?”

“படத்துல ஒரு கிண்ணம் இருந்தது. பாக்கி நானா எழுதினேன்.”

“படம் எடுத்த புருஷன்?”

அவள் மடித்துவிட்டிருந்த கையைப் பார்த்தாள். இறக்கிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். இறக்கவில்லை.

“அப்போ, எப்படி இருக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். “தெரியாமத்தான் அப்படி இருக்கீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். திரும்புன்னு சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு. இல்லாத ஒருத்திக்கு எழுதி வெச்சிருக்கீங்க.”

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மன்னிச்சுடு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது அப்புறம். நான் கேள்வி கேட்டேன்ல? அதுக்குப் பதில் சொல்லுங்க. அவளா வேணாம். நீங்களா சொல்லுங்க. எனக்காகவா, உங்களுக்காகவா?”

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது? ஆனாலும் மனுஷ நாக்கு இருக்கிறதே, ‘ரெண்டும்தான்’ என்று சொல்லப் புரண்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். புரளாமல் பிடித்து நிறுத்தினேன்.

“எனக்காகத்தான்” என்றேன். “உன்னைப் பாக்கறது எனக்குக் கஷ்டமில்ல. சத்தியமா இல்ல. உன்னைப் பாத்துட்டு ஜனங்க அடுத்தாப்ல என்னைப் பாப்பாங்க. ஐயோ பாவம், இவன் பொண்டாட்டிக்கு இப்படின்னு. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல. நீ தினம் நூறு தடவை தாங்கறதை என்னால ஒரு தடவை தாங்க முடியல. எங்க ஆபீஸ்ல உன்னை... வீட்ல யாருக்கும் இல்லன்னு சொல்லியிருக்கேன்.”

சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. வெகுநேரம் கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“சரி” என்றாள். “என் கேள்விக்குக் கீழ இன்னும் ரெண்டு பொம்பளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. முதல்ல அவங்களுக்குப் பதில் போடுங்க.”

“வேலை போயிடும்” என்றேன். அந்த நேரத்திலும் அதுதான் வந்தது என் வாயில்.

அவள் என் கையிலிருந்த போனைச் சுட்டிக் காட்டினாள். அலுவலகக் கடவுச்சொல் போட்டு உள்ளே போய்த் தட்டினேன். ‘இந்த அனுபவத்தை எழுதியது ஓர் ஆண். அவன் இந்த இடத்தைப் பார்த்ததில்லை. காலையில் போட்ட பதிலும் பொய். இதை நம்பி முடிவு செய்யாதீர்கள். மன்னியுங்கள்.’ வாங்கிப் படித்தாள். “உங்க தங்கைகிட்டயும் சொல்லிடுங்கன்னு சேத்துடுங்க” என்றாள். சேர்த்தேன். அவளே அனுப்பினாள்.

பிறகு உள்ளே போய்க் கோடு போட்ட அந்தப் பெரிய தாளை எடுத்துவந்தாள். இரண்டாவது ரிசார்ட்டை அடித்தாள். முன்பு அடித்துவிட்டிருந்த, ‘ஓகே’ என்று ஒருத்தன் எழுதிய மூன்றாவதன் எண்ணைப் போனில் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். ஓர் ஆண் குரல் எடுத்தது. என் மனைவி சுற்றி வளைக்கவில்லை.

“எனக்குக் கையில வெண்புள்ளி இருக்குங்க. முழங்கை வரைக்கும். உங்க ரிசார்ட்ல எல்லாத்துக்கும் கையைக் காட்டணுமாமே? யாராவது மூஞ்சியைச் சுளிப்பாங்களா?”

“மேடம், உண்மையைச் சொல்லணும்னா தெரியலைங்க” என்றார் அவர். “நான் வந்து எட்டு மாசம் ஆகுது. அப்படி யாரும் வந்து நான் பாக்கல. சில பேர் பாப்பாங்களா இருக்கும். நானேகூட முதல் தடவை பாத்துடுவேனோ என்னவோ.”

“பரவாயில்ல, பாருங்க” என்றாள் அவள். “பாத்துட்டுப் பட்டையைக் கட்டிடுங்க.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் எழுதிய பதினோரு தீவிலும் இப்படி ஒரு வரி இல்லை.

“எத்தனை பேர் மேடம்? ஜோடியா?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடையில் காலாவதி தேதியைத் தேடும்போது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க எனக்கு உரிமையில்லை.

“ரெண்டு பேர்” என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கூட வர்றவர் என்ன உறவுன்னு போட்டுக்கட்டும்?”

“வீட்டுக்காரர்.”

“சரிங்க மேடம். அப்போ பெரிய கட்டில் போட்ட ரூம் தந்துடறேன்.”

“இல்லைங்க. தனித்தனிக் கட்டிலா ரெண்டு போட்டுடுங்க.”

“தாராளமா. கட்டிலை ஒட்டிப் போடச் சொல்லட்டுமா மேடம், தள்ளிப் போடச் சொல்லட்டுமா?”

அவள் என்னைப் பார்க்காமல் தாளில் தேதியை எழுதிக்கொண்டே சொன்னாள்.

“இப்போதைக்குத் தள்ளியே இருக்கட்டும்.”